சின்தசைசரில் நிலா எழுப்பிய கதை

நிலா என்று பெயர் வைத்த சின்தசைசர் இசையைத் தேடிக் கேட்டால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கிறது: முடிவில்லாமல் நீளும் ஒரு பேட் (பின்னணி ஓசைப் படலம்), அதன் மேல் மினுமினுவென்று ஓடும் ஆர்ப்பெஜியோ (ஒவ்வொன்றாக உதிரும் ஸ்வரங்கள்), இரண்டையும் மூழ்கடிக்கும் ரிவெர்ப் (எதிரொலி). கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் தலைப்பை ‘பனி’ என்றோ ‘விண்வெளி’ என்றோ ‘தியானம்’ என்றோ மாற்றினாலும் ஒன்றும் குறையாது. நான்கு நிமிடத்துக்கு ஒரு நிலா இசை செய்யலாம் என்று உட்கார்ந்தபோது, அப்படித் தலைப்பை மாற்றிப் போட முடியாத ஒன்றாக அது இருக்க வேண்டும் என்று எனக்கு நானே நிபந்தனை போட்டுக்கொண்டேன். இன்னொரு நிபந்தனையும் உண்டு. சின்தசைசர் என்று தெரிந்தே கேட்பவருக்குக்கூட, யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார் என்று தோன்ற வேண்டும்.

இரண்டும் தனித்தனிக் கவலைகள் என்றுதான் நினைத்திருந்தேன். வேலை போகப் போக ஒன்றாகிவிட்டன. கருவியில் தயாராகக் கிடைக்கும் ஓசைகளில், அதாவது பிரீசெட்டுகளில், அழகானதைத் தேடித் தேடி இசைக்கு உணர்ச்சி வந்துவிடாது. ஒலித்துக்கொண்டிருக்கும் ஓசை நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது, அந்த மாற்றம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வரும். நிலாவிடமும் எனக்குத் தேவைப்பட்டது அது மாறும் விதம் மட்டும்தான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலியைப் பதிவு செய்து அடுக்க ரீப்பர் மென்பொருள். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸெட் என்ற மூன்று மென்பொருள் சின்தசைசர்கள். மூன்றையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 49 கீ மிடி கீபோர்டு (மிடி என்பது வாசிப்பைக் கணினிக்குச் சொல்லும் எண் குறிப்பு), காலால் அழுத்தும் ஒரு எக்ஸ்பிரஷன் பெடல், ஒரு ஹெட்ஃபோன். எம்பிஇ வசதி உள்ள கீபோர்டில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுருதியை வளைக்கலாம், வேலை இன்னும் சுலபம். ஆனால் விலை அதிகம். அது வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, நிலாவிடம் எதை எடுப்பது?

நான் இருப்பது சென்னையில். இங்கே நிலா கடலிலிருந்து எழும். திருவான்மியூர்க் கடற்கரையில் பௌர்ணமியன்று நின்றால் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா வந்துவிடும். வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருப்பதால் அதன் நிறம் சரியாகப் பிடிபடாது. மறுநாள் போவதுதான் நல்லது. ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக, இருட்டிய வானத்தில் வரும். கூட்டமும் குறைந்திருக்கும். தண்ணீரின் விளிம்பிலிருந்து அது பளிச்சென்று கிளம்புவதில்லை. கடலுக்கு மேல் உப்புப் புகைபோல ஒரு மங்கல் எப்போதும் இருக்கிறது. அதற்குள்ளிருந்து முதலில் தெரிவது நிலா என்றே சொல்ல முடியாத ஒரு செங்கல் நிறத் திட்டு. அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கி இருக்கும். மேலே ஏற ஏற ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், அப்புறம் நாம் வழக்கமாகப் பார்க்கும் வெள்ளை.

இதன் காரணம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். தாழ இருக்கும் நிலாவின் ஒளி நம்மிடம் வர, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைவிட மிக நீண்ட காற்றுப் பரப்பைக் கடக்க வேண்டும். வழியில் நீலம் சிதறிப் போகிறது, சிவப்பு தங்குகிறது. நீலம் அதிர்வெண் கூடிய ஒளி, சிவப்பு குறைந்த ஒளி. மேல் அதிர்வெண்களை வடித்துவிட்டு கீழ் அதிர்வெண்களை மட்டும் விடுவதற்கு சின்தசைசரில் லோபாஸ் ஃபில்டர் என்று பெயர். ஆக, நிலா எழும்போது வானம் செய்யும் வேலையும் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வடிப்பது என்று தீர்மானிக்கும் கட்ஆஃப் குமிழைத் திருப்பும்போது நான் செய்யும் வேலையும் ஒன்றேதான். இது பிடிபட்டதும் இசையின் முதல் பாதி தீர்மானமாகிவிட்டது.

எவ்வளவு நேரத்தில் திறப்பது என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. நிலா வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலம். பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி திரும்புகிறது. சென்னை இருக்கும் அட்சரேகையில் நிலா அதிகம் சாயாமல் கிட்டத்தட்ட நேராகவே மேலேறும் என்பதால், மேல் விளிம்பு தெரிவதற்கும் கீழ் விளிம்பு கடலை விடுவதற்கும் இடையில் 2 நிமிடம் சொச்சம். அந்த 2 நிமிடத்தையே முதல் பகுதிக்கு வைத்துக்கொண்டேன். கட்ஆஃப் 180 ஹெர்ட்ஸில் தொடங்கி 5,760 ஹெர்ட்ஸில் முடியும். கணக்குப் பார்த்தால் சரியாக ஐந்து ஸ்தாயி.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காது அதிர்வெண்ணைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, பெருக்கல் கணக்கில் கேட்கிறது. 180-இலிருந்து 360 போவதும் 2,880-இலிருந்து 5,760 போவதும் காதுக்கு ஒரே தூரம். பெரும்பாலான சின்தசைசர்களில் கட்ஆஃப் குமிழ் ஏற்கெனவே ஸ்தாயிக் கணக்கில்தான் நகரும், அதனால் ஆட்டோமேஷனில், அதாவது குமிழைத் தானாக நகர்த்த மென்பொருளில் வரையும் கோட்டில், நேர்கோடு போட்டால் போதும். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் தனி ஈக்யூ பிளகின் எதையாவது வைத்து, ஹெர்ட்ஸ் எண்ணை நேர்கோட்டில் ஏற்றினால் முதல் அரை நிமிடத்திலேயே மாற்றத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்து, மிச்ச நேரம் அதிகம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

இரண்டாவது, இந்தத் திறப்பை மிடி கண்ட்ரோலர் வழியாக அனுப்பக் கூடாது. சாதாரண மிடி கண்ட்ரோலுக்கு 0 முதல் 127 வரைதான் மதிப்புகள். 2 நிமிடத்தில் அதைப் பரப்பினால் நொடிக்கு ஒரு படி என்று ஆகிவிடும்; கட்ஆஃப் இடத்து ஓசையைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு படியும் காதில் விழும். ரீப்பரின் ஆட்டோமேஷன் கோட்டில் நேரடியாக வரைந்தால் அந்தப் படிக்கட்டு இல்லை. கையால் திருப்பித்தான் பதிவு செய்வேன் என்றால், பதிவான பிறகு அந்தக் கோட்டின் புள்ளிகளைக் குறைத்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் மட்டும் 2 நிமிடம் திறந்துகொண்டே போனால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள், உண்மைதான். அதன் மேல் ஒரு பாட்டு வேண்டும்.

ராகத்துக்கு நான் போனது சந்திரகௌன்ஸ். பெயரில் சந்திரன் இருக்கிறது என்பதற்காக ஒரு ராகத்தைத் தேர்ந்தெடுப்பது சோம்பேறித்தனம். எனக்கு அதில் பிடித்தது வேறு. இந்துஸ்தானியின் மால்கௌன்ஸ், அதாவது நம் இந்தோளம், அதில் கைசிகி (தாழ்ந்த) நிஷாதத்தை எடுத்துவிட்டுக் காகலி (உயர்ந்த) நிஷாதத்தை வைத்தால் சந்திரகௌன்ஸ். ஸ க₂ ம₁ த₁ நி₃, அவ்வளவுதான். ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது. பஞ்சமம் இல்லாததால் தம்பூராவிலும் ஸ–ம சுருதிதான் வைக்க வேண்டும், அடித்தளமே கொஞ்சம் அந்தரத்தில் நிற்கும். தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் அகலமான இடைவெளி, அப்புறம் நிஷாதம் ஷட்ஜத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே போய் நின்றுவிட்டு ஷட்ஜத்தைத் தொடாமல் இழுத்தடிக்கலாம். எழுந்தும் எழாமலும் நிற்கும் ஒன்றுக்கு இதைவிட வசதியான ராகம் எனக்குத் தெரியவில்லை.

முத்துஸ்வாமி தீட்சிதர் நவக்கிரக வரிசையில் சந்திரனுக்குக் கொடுத்தது அசாவேரி ஆயிற்றே, அதை ஏன் எடுக்கவில்லை என்று கர்நாடக இசை தெரிந்த நண்பர்கள் கேட்டார்கள். அசாவேரியின் உயிர் அதன் பிடிகளில் (அதற்கே உரிய ஸ்வரக் கோவைகளில்) இருக்கிறது. அதை வாய்ப்பாட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு முன்னால், சுருதியை வளைக்கக் கீபோர்டில் இருக்கும் பிட்ச் சக்கரத்தோடு போய் நிற்க எனக்குத் துணிவில்லை.

ஷட்ஜம் ஒன்றரைக் கட்டை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘மூன்லைட்’ என்று எல்லாரும் அழைக்கும் பீத்தோவனின் 1801-ஆம் ஆண்டு பியானோ சொனாட்டா சி ஷார்ப் மைனர். 1905-இல் அச்சான டெபுஸியின் நிலவொளிப் பியானோ இசை டி ஃபிளாட் மேஜர். பெயர்தான் வேறு, இரண்டும் பியானோவில் அதே கறுப்புக் கட்டை, நம் ஒன்றரைக் கட்டை. தற்செயல்தான், பீத்தோவனுடையதற்கு நிலாப் பெயர் வந்ததே அவர் இறந்த பிறகு. இருந்தாலும் ஏதோ ஒரு சுருதியை வைத்துத்தானே ஆக வேண்டும்.

ஸ்வரங்களைக் கீபோர்டின் சம இடைவெளியில் விடாமல், ஷட்ஜத்தோடு ஒப்பிட்ட அதிர்வெண் விகிதத்தில் க₂-வை 6/5, ம₁-ஐ 4/3, த₁-ஐ 8/5, நி₃-ஐ 15/8 என்று மாற்றிக்கொண்டேன். சர்ஜில் ஸ்காலா சுருதிக் கோப்பு ஒன்றை ஏற்றினால் போதும். ஸ–ம ரீங்காரம் நீளமாக நிற்கும் இசையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. சற்றே பிசகிய ஸ்வரங்கள் உரசும்போது வரும் அலையடிப்பு அடங்கிவிடும்.

இனி பாடும் குரல், அதாவது லீட். சின்தசைசரில் உணர்ச்சி பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

ஓசை மிக எளியது: ஒரு முக்கோண அலை, அதோடு கொஞ்சம் ரம்ப அலை, ஃபில்டர் பாதி மூடியபடி. மோனோ (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ (ஸ்வரங்கள் விட்டுப்போகாமல் தொடரும்). இதில் யாரும் முதலில் கைவைப்பது போர்ட்டமெண்டோ. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தானாக வழுக்கிக்கொண்டு போகும் வசதி. நான் அதை அணைத்துவிட்டு, எல்லா நழுவலையும் பிட்ச் சக்கரத்தில் கையாலேயே செய்தேன். வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரிகிறதா என்று பார்க்க, மாடி வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமியிடம் ஒரே பிடியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். எது எப்படிச் செய்தது என்று சொல்லவில்லை.

“ஏம்பா, முதல்ல போட்டியே, அதுல ஒவ்வொரு தடவையும் நிஷாதத்துக்கு ஒரே நேரத்துல போய் நிக்கறதே. அலுக்கலையோ அதுக்கு?”

“ரெண்டாவது, மாமி?”

“அதுல ஒரு இடத்துல தயங்கறது. அது நன்னாருக்கு. ஆனா கடைசில அவசரப்படறே.”

கடைசியில் அவசரப்பட்டதைத் திரும்ப வாசித்துப் பதிவு செய்தேன்.

சக்கரத்தை எப்படிப் பிடிப்பது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. பெரும்பாலான சின்தசைசர்களில் சக்கரத்தின் எல்லை மேலும் கீழும் 2 அரைஸ்வரம் என்றுதான் வரும். அதை 3 ஆக்கினேன். சந்திரகௌன்ஸில் ஸ–க, ம–த, த–நி மூன்றுமே 3 அரைஸ்வர இடைவெளிகள். ஆகவே சக்கரம் முட்டி நிற்கும் இடமே கிட்டத்தட்ட ஒரு ஸ்வரமாகிவிடுகிறது, கண்ணால் பார்த்து அளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, மேலே போக வேண்டிய இடத்தில் சக்கரத்தை மேலே தள்ளக் கூடாது. தைவதத்திலிருந்து நிஷாதத்துக்குப் போக வேண்டுமானால், முதலில் சக்கரத்தை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிஷாதக் கட்டையை அழுத்துங்கள். கேட்பது தைவதம். இப்போது பிடியை மெல்ல விடுங்கள். ஸ்பிரிங் சக்கரத்தை நடுவுக்கு இழுக்கும், ஓசை நிஷாதத்துக்கு ஏறும். ஏறும் வேகம் முழுக்கக் கட்டைவிரலில் இருக்கிறது: பாதி வழியில் பிடித்து நிறுத்தலாம், கொஞ்சம் திரும்பிப் போகலாம், சட்டென்று விட்டுவிடலாம். சேர வேண்டிய ஸ்வரத்தில் சக்கரம் நடுவில் ஓய்ந்திருப்பதால் சுருதி பிசகாது. சுருதியை மாற்றி வைத்திருப்பதால் தொடங்கும் இடம் மயிரிழை விலகியிருக்கும்தான். பரவாயில்லை, காது சேரும் இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பிட்ச் சக்கரத்துக்கு 16,384 படிகள் இருப்பதால் மேலே சொன்ன படிக்கட்டுத் தொல்லையும் இங்கே இல்லை.

வைப்ரேட்டோவை, அதாவது ஸ்வரத்தின் நடுக்கத்தை, எல்எஃப்ஓ என்ற மெதுவாக ஆடும் அலையிடம் முழுசாக ஒப்படைத்தால் ஸ்வரம் பிறந்த கணத்திலேயே நடுங்க ஆரம்பித்துவிடும், பழைய ஆர்கன் வாசனை வந்துவிடும். பாடுபவர்கள் நேராகத் தொடங்கி, நின்ற பிறகுதான் அசைக்கிறார்கள். அதனால் எல்எஃப்ஓவின் ஆழத்தைக் கீபோர்டின் இன்னொரு சக்கரமான மாட் வீலில் கட்டினேன். வேகம் நொடிக்கு ஐந்தரை சுற்று. சில நீண்ட ஸ்வரங்களில் வீலைத் தொடவே இல்லை.

சத்தத்தின் ஏற்ற இறக்கம் காலில். மிடியில் கண்ட்ரோல் 7 வால்யூம், 11 எக்ஸ்பிரஷன். 7-ஐ மிக்ஸிங்குக்கு விட்டுவிட்டு வாசிப்பை 11-இல் மட்டும் வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. பெடலை வால்யூமோடு மட்டும் நிறுத்தாமல் ஃபில்டரோடும் சிறிதளவு இணைத்தேன். மூச்சைக் கூட்டினால் புல்லாங்குழலில் சத்தம் மட்டுமா கூடுகிறது, ஓசையின் வெளிச்சமும் கூடுகிறது இல்லையா. இந்த ஒரு இணைப்பைச் செய்துவிட்டு அதே பிடியை வாசித்துப் பாருங்கள், இதற்கு முன் வாசித்தது எல்லாம் தட்டையாகத் தெரியும்.

இந்த வழியில் எனக்கு முன்னோடி என்றால் ஜப்பானின் இசாவோ டொமிட்டா. டெபுஸியின் அதே நிலவொளி இசையை மூக் மாடுலர் சின்தசைசரில் செய்து 1974-இல் வெளியான இசைத்தட்டில் சேர்த்தவர். அந்த மூக் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். ஒரு கார்டு வேண்டுமென்றால் அதன் ஸ்வரங்களைத் தனித்தனியாக வாசித்து, பல தடங்கள் உள்ள டேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கருவியின் போதாமை என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனக்கென்று ஒரு கையின் கவனத்தைப் பெற்றதும் அதனால்தான். இன்று பத்து விரலையும் வைத்து ஒரே அமுக்கில் பேட் வாசித்துவிட முடிகிறது. பத்து ஸ்வரமும் ஒரே நேரத்தில் பிறந்து ஒரே நேரத்தில் சாகின்றன. நான் பேடையும் நான்கு தனிக் குரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பெடலோடு தனியாக வாசித்தேன். நேரம் பிடிக்கிற வேலை. நான்கு நிமிட இசையில் எனக்கு அதிக மாலைகள் போனது இதில்தான், அதற்கேற்ற பலனும் இதில்தான் தெரிந்தது.

நடுப்பகுதிக்கு நிலா முழுசாக மேலே வந்துவிட்டது, இனி நிறம் மாறாது. வேறு ஏதாவது நடக்க வேண்டும். இங்கே எனக்குக் கைகொடுத்தது அப்பல்லோ 12. 1969 நவம்பர் 20 அன்று, விண்வெளி வீரர்கள் நிலாவிலிருந்து கிளம்பி வந்து தாய்க்கலத்தில் ஏறிய பிறகு, வேலை முடிந்த ஏறுகலத்தை வேண்டுமென்றே நிலாவின் தரையில் மோதவிட்டார்கள். அவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த நிலநடுக்கமானியில் அதிர்வு ஒரு மணி நேரத்துக்கு அருகில் நீடித்தது. அடித்த மணி அடங்காமல் ஒலிப்பதுபோல என்று அறிவியலாளர்கள் அப்போது சொன்ன வர்ணனை பிரபலம். பூமியில் பாறைகளுக்கிடையே உள்ள ஈரம் அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடும். நிலாவின் மேலோடு வறண்டது, நொறுங்கிக் கிடப்பது. அதிர்வு அதற்குள் சிதறிச் சிதறி அலைந்துகொண்டே இருக்கிறது.

மணி என்ற வர்ணனையைவிட அந்தப் பதிவின் வடிவம் எனக்கு முக்கியமாகப் பட்டது. மணியில் அடி விழுந்த கணம்தான் உச்சம். இங்கே அதிர்வு மெதுவாக ஏறி, நிமிடங்கள் கழித்து உச்சத்தைத் தொட்டு, அப்புறம் நெடுநேரம் இறங்குகிறது. அடி இல்லாத மணி. சின்தசைசருக்கு இது கைவந்த வேலை: மணியின் ஓசையை எடுத்துக்கொண்டு ஓசை உச்சத்துக்கு ஏற எடுக்கும் நேரமான அட்டாக்கை மட்டும் நீட்டிவிட்டால் முடிந்தது.

மணி ஓசைக்கு எஃப்எம் முறையைப் பயன்படுத்தினேன்: ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் வேகமாக ஆட்டிப் புது ஓசை உண்டாக்குவது. ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்ட முறை. 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வழியாக உலகமெங்கும் போனது. டெக்ஸெட் அந்த டிஎக்ஸ்7-இன் இலவச நகல். ஒரு ஆபரேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி) இன்னொன்றை 1-க்கு 1.4 என்ற விகிதத்தில் ஆட்டினால் மணி பிறக்கும், இது சௌனிங்கே கொடுத்த விகிதம். டெக்ஸெட்டில் ஆட்டும் ஆபரேட்டருக்கு கோர்ஸ் (முழு எண்) 1, ஃபைன் (நூறில் பங்கு) 40.

மணியின் துணை ஓசைகள் பொதுவாக ராகத்துக்கு அடங்காது என்று பயந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷட்ஜம் 277 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஜோடித் துணை ஓசைகள் 1 கூட்டல் 1.4, அதாவது 2.4 மடங்கு, 1 கழித்தல் 1.4, அதாவது (குறியை விட்டுவிட்டால்) 0.4 மடங்கு. 2.4 என்பது 6/5-இன் இரண்டு மடங்கு: மேல் ஸ்தாயி சாதாரண காந்தாரம், 665 ஹெர்ட்ஸ். 0.4 என்பது 8/5-இல் கால்வாசி: கீழே சுத்த தைவதம், 111 ஹெர்ட்ஸ். ஒரு ஷட்ஜத்தை அழுத்தினால் ஸ, க, த மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன, மூன்றும் ராகத்துக்குள்! இதைக் கண்டுபிடித்த அன்று இரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆட்டும் ஆபரேட்டரின் அளவை ஏற்றினால் அடுத்த ஜோடியும் தலைகாட்டும். அதில் ஒன்று 1 கழித்தல் 2.8, அதாவது 1.8 மடங்கு, கைசிகி நிஷாதம். சந்திரகௌன்ஸுக்கு ஆகவே ஆகாத ஸ்வரம். காகலி நிஷாதத்தில் லீட் நிற்கும்போது மணியும் சேர்ந்தால் பல் கூசும். எனவே ஆட்டும் அளவைக் குறைவாகவே வைத்து, மணியை ஷட்ஜத்தில் மட்டும் ஒலிக்கவிட்டேன். எஃப்எம் மணியைப் பயன்படுத்துகிற யாருக்கும் இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கைச் சிபாரிசு செய்வேன். ஏன் சில கட்டைகளில் மட்டும் கரகரக்கிறது என்ற கேள்விக்குக் காகிதத்தில் இரண்டு வரியில் விடை கிடைத்துவிடும்.

கடைசிப் பகுதி வளர்பிறை. எழுச்சி ஒரு மாலையில் நடப்பது, வளர்பிறை இரண்டு வாரம் நடப்பது, இரண்டையும் ஒரே இசையில் எப்படி வைக்கலாம் என்று கேட்டால், வைக்கலாம் என்பதுதான் என் பதில். இதில் எனக்குப் பயன்பட்ட உண்மை ஒன்று: அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் பாதி இல்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அரை நிலாவில் சூரிய ஒளி பக்கவாட்டில் விழுவதால் மேடு பள்ளமெல்லாம் நிழலாகிவிடுகிறது. முழு நிலவன்று ஒளி நம் பின்னாலிருந்து நேராக விழுகிறது, நிழல்கள் மறைந்துகொள்கின்றன, நிலாவின் தூசும் வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெளிச்சம் நெடுநாள் குறைவாகவே இருந்து கடைசி நாட்களில் திடீரென்று ஏறுகிறது.

பத்து மடங்கு என்பது 10 டெசிபெல். அந்த 10 டெசிபெல்லை கடைசி 40 நொடியில், அதிலும் பெரும்பகுதியைக் கடைசிக் கால்வாசியில் ஏற்றினேன். சீராக ஏறும் கோட்டையும் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். அதில் உச்சம் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதில் வந்த பிறகுதான் தெரிகிறது. நிலாவே தேவையில்லை என்றாலும் உச்சக்கட்டம் வைக்கிற எவருக்கும் இந்த வளைகோடு உதவும்.

வேண்டாமென்று விட்டவையும் உண்டு. கடல் அலையின் ஒலிப்பதிவு வைத்தால் கேட்பவர் கடற்கரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், நிலா பின்னால் போய்விடும். பதிலுக்கு ஃபில்டர் செய்த இரைச்சலை மிகச் சன்னமாக வைத்து, 7 நொடிக்கு ஒருமுறை சுற்றும் எல்எஃப்ஓ ஒன்றும் 11 நொடிக்கு ஒருமுறை சுற்றும் இன்னொன்றும் அதை ஆட்டும்படி செய்தேன். இரண்டும் மறுபடி ஒத்துவர 77 நொடி ஆகும், திரும்பத் திரும்ப வருவது போலவே தெரியாது.

நிலாவின் தூரம், சுற்றுக்காலம் போன்ற எண்களை அப்படியே ஸ்வரமாக மாற்றும் வேலையிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு. நிலாவிலிருந்து ஒளி நம்மை அடைய 1.28 நொடி. ஒரு அட்சரம் 1.28 நொடி வரும்படி டெம்போவை நிமிடத்துக்கு 46.875 அட்சரம் என்று வைத்தேன். கேட்கும் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. டெம்போவைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போயிற்று, அதுதான் லாபம்.

ரிவெர்ப்பைக் கடைசிவரை அணைத்தே வைத்திருந்தேன். அது இருந்தால் சுமாரான வாசிப்பும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். வறட்சியாகக் கேட்கும்போதே லீட் பேச வேண்டும். பேசிய பிறகு சேர்த்தேன்: 70 மில்லிநொடி ப்ரீடிலே (எதிரொலி தொடங்கும் முன் ஒரு இடைவெளி) கொடுத்தால் ஸ்வரத்தின் தொடக்கம் மங்காது, ரிவெர்ப்புக்குள் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அடிப்பகுதி சேறாகாது.

மிக்ஸ் முடிந்ததும் ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் அதில்தான் கேட்பார்கள். என் கீழ் ஷட்ஜம் 69 ஹெர்ட்ஸ். ஃபோனில் அது சுத்தமாகக் காணாமல் போய், ரீங்காரமே இல்லாத இசையாகிவிட்டது. அந்தத் தடத்தில் லேசாக சாச்சுரேஷன் (ஓசையைச் சற்றே கரகரப்பாக்கும் விளைவு) சேர்த்ததும் 139, 208, 277 என்று மேல் அடுக்குகள் முளைத்தன. அவற்றைக் கேட்டுக் காது கீழே இல்லாத 69-ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது. அளவோடு செய்ய வேண்டும், இல்லையென்றால் செங்கல் நிறத் தொடக்கம் போய்விடும்.

வெளியிடும்போது யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை -14 எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அளவை ஒட்டி இசையைச் சரிசெய்கின்றன. அதற்காகச் சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நெருக்கினால் நான் பாடுபட்டு வைத்த 10 டெசிபெல் ஏற்றம் 3 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். நான் -18-இலேயே விட்டேன். யூடியூப் அதிகமான சத்தத்தைக் குறைக்குமே தவிர, குறைவானதை ஏற்றிக் கொடுக்காது. அடுத்து ஓடும் வீடியோவைவிட என்னுடையது சன்னமாகத்தான் கேட்கும். கேட்கட்டும், வேண்டுமென்கிறவர்கள் வால்யூமைக் கூட்டிக்கொள்வார்கள்.